கடவுள் இல்லாத வீடும் தேவாலயப் பள்ளியும்

பெல்ஃபாஸ்ட் நகரில் அரசுப் பணத்தில் நடக்கும் ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போய்வந்த சிறுமி, வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் கடவுளுக்கு நன்றி சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தாள். பெற்றோர் இருவரும் மத நம்பிக்கை இல்லாதவர்கள். தாங்கள் சொல்லித்தராத ஒன்றைப் பிள்ளை பள்ளியிலிருந்து கொண்டுவந்ததும் பள்ளியிடம் விளக்கம் கேட்டார்கள். விளக்கம் மனத்துக்கு ஒப்பவில்லை. வழக்குப் போட்டார்கள். 2022-இல் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், சமயப் பாடத்திலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ள உரிமை இருக்கிறதே என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பியது. 2025 நவம்பரில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அந்தக் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

வட அயர்லாந்தின் பள்ளிகளில் நான்கு பெரிய திருச்சபைகள் சேர்ந்து வகுத்த சமயப் பாடம் நடக்கிறது. கிறிஸ்தவத்தையே உண்மையாக வைத்து, விமர்சனப் பார்வைக்கு இடம் தராமல், மற்ற நோக்குகளைப் பொருட்படுத்தாமல் நடத்துவது சட்டத்துக்கு ஒவ்வாது என்றது உச்ச நீதிமன்றம். பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளும் உரிமை இதற்குப் போதுமான மருந்து ஆகாது என்றும் சொன்னது. விலக்கப்படும் பிள்ளை தனித்து நிற்க நேரும்; அந்தச் சுமையைப் பெற்றோர் தலையில் ஏற்றக்கூடாது என்பது அதன் கருத்து.

அந்தப் பள்ளி பொதுப் பள்ளி. ஒரு திருச்சபை தன் பெயரில் நடத்தும் பள்ளி அல்ல. அதனால் நீதிமன்றத்தால் தெளிவாகப் பேச முடிந்தது. வாசலில் சிலுவையும் பெயரில் ஒரு புனிதரும் இருக்கும் பள்ளிக்கு, தெரிந்தே பிள்ளையை அனுப்பும் நம்பிக்கையற்ற குடும்பத்தின் கதை வேறு. அவர்களுக்கு எது சரி, எது தவறு என்று எந்தத் தீர்ப்பும் எழுதித் தராது. அது அவர்களுடைய மனச்சாட்சி தீர்க்கவேண்டிய விஷயம்.

இங்கிலாந்தில் இது சிலபேருடைய சங்கடம் மட்டும் அல்ல. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 37.2 சதவீதம் பேர் தங்களுக்கு மதம் எதுவும் இல்லை என்று பதிந்தார்கள். பத்தாண்டுக்கு முன்னால் இது 25.2 சதவீதமாக இருந்தது. சின்னக் குழந்தைகளை வைத்திருக்கும் வயதினரிடையே இந்தப் பங்கு இன்னும் அதிகம். அதே இங்கிலாந்தில் அரசுச் செலவில் நடக்கும் தொடக்கப் பள்ளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று இங்கிலாந்துத் திருச்சபையுடையது. கத்தோலிக்கப் பள்ளிகளையும் மற்ற மதப் பள்ளிகளையும் சேர்த்தால் மூன்றில் ஒன்றுக்கு மேல். மதம் வேண்டாம் என்றவர்களின் பிள்ளைகளும் மதத்தின் பள்ளிகளும் தினமும் காலை ஒன்பது மணிக்குச் சந்தித்துக்கொள்கின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்பிக்கையில்லாத பெற்றோர் தங்கள் பிள்ளையைத் தேவாலயப் பள்ளிக்கு அனுப்பலாம். அதில் கொள்கை இழப்பு எதுவும் இல்லை. ஆனால் அங்கே இடம் வாங்குவதற்காகப் பொய் சொல்லக்கூடாது. அங்கே பிள்ளை கேட்டு வருவதைப் பற்றி வீட்டில் வாய்மூடி இருக்கக்கூடாது. நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைப் பள்ளியிடம் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் கூடாது. கடவுளை வைத்துப் பிள்ளை வளர்க்காத வீட்டுக்கு, பெற்றோரின் சொல் உண்மை என்ற உறுதிதான் அஸ்திவாரம். அதைப் பள்ளிக்காக விட்டுக்கொடுத்தால், அந்தப் பிள்ளைக்குப் பிடித்து நிற்க வேறெதுவும் இல்லை.

அனுப்பலாம் என்று ஏன் சொல்கிறேன்? அந்தப் பள்ளிகள் எப்படி வந்தன என்று பார்த்தால் புரியும். இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு அரசு பள்ளி கட்டாத காலத்தில் திருச்சபை கட்டியது. 1811-இல் அதற்கென்றே தேசியச் சங்கம் என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. அந்தச் சங்கத்தின் பள்ளிகள் கையாண்ட முறைக்குப் பெயர் மதராஸ் முறை. ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தை நடத்தினார். குதிரையில் போகும் வழியில் உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு, அதைத் தன் இல்லத்துக்குக் கொண்டுவந்தார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, தேறிய மாணவன் தேறாதவனுக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தெடுத்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒரே ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தர அந்த முறை திருச்சபைக்குக் கைகொடுத்தது.

அரசு பின்னால் வந்து சேர்ந்தது. 1870-ஆம் ஆண்டுச் சட்டம் திருச்சபைப் பள்ளிகள் இல்லாத இடங்களில் பொதுப் பள்ளிகளைக் கட்ட வழி செய்தது. அரசுப் பணம் பெறும் பள்ளியில் சமயப் பாடம் வேண்டாம் என்று பெற்றோர் சொன்னால் பிள்ளையை விட்டுவிடவேண்டும் என்ற மனச்சாட்சி விதியும் அதே சட்டத்தில் இருந்தது. அந்தப் பாடத்தைப் பள்ளி நேரத்தின் தொடக்கத்திலோ முடிவிலோ வைக்கவேண்டும் என்றது சட்டம். விலகும் பிள்ளைக்குக் கணக்கும் எழுத்தும் தவறிப்போகக்கூடாது என்ற அக்கறை அது. 1944-ஆம் ஆண்டின் பட்லர் சட்டம் திருச்சபைப் பள்ளிகளை அரசுக் கல்விக்குள்ளேயே வைத்துக்கொண்டது. அவற்றில் முக்கியமாக இரண்டு வகை உண்டானது. ஒரு வகையில் திருச்சபைக்கு அதிகாரம் கூடுதல்: மாணவர் சேர்க்கை விதியும் சமயப் பாடமும் அதன் கையில். இன்னொரு வகையில் உள்ளாட்சியின் கை ஓங்கியிருக்கும்; சேர்க்கையைப் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

இரண்டு வகையிலும் ஆசிரியர் சம்பளமும் அன்றாடச் செலவும் வரிப்பணம். திருச்சபைக்கு அதிகாரம் கூடுதலான பள்ளியிலும் கட்டடச் செலவில் 10 சதவீதம் அளவுக்குத்தான் பள்ளி நிர்வாகத்தின் பங்கு. ஆகவே நம்பிக்கையில்லாத பெற்றோர் அங்கே யாருடைய தயவிலும் நிற்கவில்லை. பல கிராமங்களில் நடந்துபோகும் தூரத்தில் இருப்பது திருச்சபைப் பள்ளி ஒன்றுதான். அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் அது சொந்தம். அதற்கு அனுப்பும் கடவுள் மறுப்பாளரைக் கொள்கை தவறியவர் என்று பேசுவது அநியாயம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கப்போகிறது குழந்தை, அவ்வளவுதான்.

நகரத்து நிலைமை வேறு. லண்டன் போன்ற ஊர்களில் நல்ல பெயரெடுத்த திருச்சபைப் பள்ளியில் இருக்கும் இடங்களைவிட விண்ணப்பங்கள் மிக அதிகம். அப்படி இடத்தட்டுப்பாடு வரும்போது, தன் மதத்துக் குடும்பங்களுக்கு முன்னுரிமை தர அந்தப் பள்ளிக்குச் சட்டம் இடம் தருகிறது. விண்ணப்பத்தோடு ஒரு துணைப் படிவம் இணைக்கவேண்டும். குடும்பம் தேவாலயத்துக்கு ஒழுங்காக வருகிறதா, எவ்வளவு காலமாக வருகிறது என்று அதில் கேட்டிருக்கும். பங்கின் குருவானவர் கையெழுத்துப் போடவேண்டும். ஜனவரி 15-க்குள் விண்ணப்பம் போய்ச் சேரவேண்டும். ஏப்ரல் 16-ஆம் தேதி எந்தப் பள்ளி என்று தெரியும்.

இங்கேதான் பொய் நுழைகிறது. மகனுக்கு இரண்டு வயதானதும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் போகத் தொடங்கும் பெற்றோர் இருக்கிறார்கள் என்பது அந்நாட்டில் ஊரறிந்த செய்தி. நம்பிக்கை வந்து போனால் அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒருவேளை படிவத்துக்காகப் போனவர்களில் சிலருக்கு அங்கே உண்மையாகவே மனம் ஒட்டியும் இருக்கலாம். நான் பேசுவது நம்பாமல் போகிறவர்களைப் பற்றி. அவர்கள் வாயசைத்து ஜெபம் சொல்கிறார்கள், கையெழுத்து வாங்கும் வரையில் முகம் காட்டுகிறார்கள். சிலர் பிள்ளைக்கு ஞானஸ்நானமும் கொடுக்கிறார்கள். சடங்கில் பெற்றோர் கடவுள் முன்பும் சபையார் முன்பும் வாக்குக் கொடுக்கவேண்டும். நம்பாத வாயால் அந்த வாக்கைக் கொடுக்கிறார்கள். பிள்ளையின் நல்லதுக்குத்தானே என்பதுதான் எல்லாருடைய சமாதானமும்.

அந்தப் பிள்ளை இருக்கும் இடத்திலிருந்து இதைப் பாருங்கள். மூன்று வயது என்றாலும் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் குரல் மாறுவது தெரியும். காரில் போகும்போது, சாமியார் கேட்டால் இப்படிச் சொல்லு, அப்படிச் சொல்லாதே என்று அப்பா சொல்லிக்கொடுப்பது காதில் விழும். அங்கே மண்டியிட்ட அம்மா வீட்டுக்கு வந்ததும் அதே ஜெபத்தைக் கேலி செய்வதும் தெரியும். ஏப்ரல் மாதம் இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வரும். அடுத்த சில வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை காலை மறுபடி வீட்டிலேயே கழியும். நாம் ஏன் இப்போது போவதில்லை என்று பிள்ளை கேட்கும். அதற்கு நேர்மையான பதில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதைச் சொல்ல எந்தப் பெற்றோருக்கும் வாய் வராது. வேண்டியதை அடையப் புனிதம் என்று மற்றவர் போற்றுவதை வேடமாகப் போட்டுக்கொள்ளலாம் என்ற பாடம், பள்ளியில் கால் வைப்பதற்கு முன்பே அந்தப் பிள்ளைக்கு நடந்து முடிந்துவிடுகிறது.

பொய்யால் பாதிக்கப்படுவது அந்த வீடு மட்டும் அல்ல. ஓர் இடம் ஒருவருக்குக் கிடைத்தால் இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை மருத்துவமனையில் முறைப்பணி பார்க்கும் தாய், உண்மையான விசுவாசியாகவே இருந்தாலும் வாரந்தோறும் வருகைப் பதிவுக்கு நிற்க முடியாது. வசதியும் ஓய்வும் உள்ள நம்பாதவர் அவள் பிள்ளையின் இடத்தை எடுத்துக்கொண்டுவிடுகிறார். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியின் கதவை மதத்தை வைத்துத் திறப்பதும் மூடுவதும் சட்டத்தின் குறை. அது மாறவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அயர்லாந்துக் குடியரசு இதில் ஓரடி முன்னால் வைத்தது. அங்கே தொடக்கப் பள்ளிகளில் 90 சதவீதத்துக்கு நெருக்கமானவை கத்தோலிக்கத் திருச்சபையின் ஆதரவில் நடப்பவை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு இடமில்லை என்று சொல்லும் வழக்கத்துக்கு 2018-ஆம் ஆண்டுச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. இங்கிலாந்தும் அந்த வழியே வரவேண்டும் என்று கேட்பது நியாயம். ஆனால் அநியாயமான கதவுக்கு முன்னால் நிற்கும்போதும் நேர்மையாக நிற்கலாம். நாங்கள் நம்பிக்கையாளர்கள் அல்ல, இருந்தும் இந்தப் பள்ளியை விரும்புகிறோம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு, கிடைத்தால் போவது, கிடைக்காவிட்டால் அடுத்த தெருப் பள்ளியில் சேர்ப்பது என்று இருக்கலாம். அடுத்த தெருப் பள்ளியில் படித்து யாரும் கெட்டுப்போய்விடவில்லை.

பள்ளியின் வாசலில் நம்பிக்கைக்கு விலை பேசும் சோதனையைத் தமிழர் முன்பே பார்த்திருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் படிப்பும் அதனால் வரும் உத்தியோகமும் பெரும்பாலும் மிஷன் பள்ளிகள் வழியாகத்தான் கிடைத்தன. ஆறுமுக நாவலர் அந்த வழியில் வந்தவர். மெதடிஸ்தப் பாதிரியார் பீற்றர் பேர்சிவலின் பள்ளியில் படித்தார், அங்கேயே கற்பித்தார், பைபிளைத் தமிழாக்கும் வேலையில் அவருக்குத் துணை நின்றார். அத்தனை ஆண்டும் சைவராகவே இருந்தார். அதை ஒளிக்கவும் இல்லை. பேர்சிவலும் அதற்காக அவரை விலக்கவில்லை. 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது, மிஷன் பள்ளியில் கண்ட நல்ல முறைகளை நாவலர் அங்கே எடுத்தாண்டார். நாவலர் ஆழ்ந்த நம்பிக்கையாளர்; நாம் பேசும் குடும்பங்களோ நம்பிக்கை இல்லாதவை. ஆனால் ஒருவர் தன் நிலையை மறைக்காமல் அடுத்தவரின் பள்ளியில் இருக்கவும் அங்கிருந்து கற்றுக்கொள்ளவும் முடியும் என்பதற்கு அவரும், அப்படி இருப்பவரை மதித்து வைத்துக்கொள்ள முடியும் என்பதற்குப் பேர்சிவலும் சான்று.

இனி, சேர்ந்தபிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். இங்கிலாந்தில் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளிகள் எல்லாவற்றிலும் தினமும் கூட்டு வழிபாடு நடக்கவேண்டும் என்று 1944-ஆம் ஆண்டு முதல் சட்டம் சொல்கிறது. பொதுப் பள்ளிகள் பலவற்றில் அது பேருக்கு நடக்கும், அல்லது நடப்பதே இல்லை. திருச்சபைப் பள்ளியில் அது நாளின் மையம். பிள்ளைகள் வரிசையாக வந்து மண்டபத்துத் தரையில் சம்மணமிட்டு உட்காருவார்கள். ஒரு மெழுகுவத்தி ஏற்றப்படும். ஒரு கதை, ஒரு பாட்டு, சற்று நேரம் மௌனம், பிறகு ஜெபம். இந்த ஜெபத்தை உங்களுடையதாக ஆக்கிக்கொள்ள விரும்புகிறவர்கள் மட்டும் ஆமென் சொல்லலாம் என்று பல பள்ளிகளில் ஆசிரியர் சொல்வார். வழிபாடு அழைப்பாக இருக்கவேண்டும், கட்டாயமாக இருக்கக்கூடாது என்று இங்கிலாந்துத் திருச்சபை 2021-இல் தன் பள்ளிகளுக்கு வழிகாட்டியிருக்கிறது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை சுற்றியிருக்கும் இருநூறு பேர் ஆமென் சொல்லும்போது தானும் சொல்லும். அந்த வயதில் அழைப்புக்கும் கட்டளைக்கும் இடையே உள்ள இடைவெளி மெல்லியது.

அறுப்பின் பண்டிகைக்கு டின் உணவு கொண்டுபோவது, கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆட்டிடையனாக நிற்பது, ஈஸ்டருக்கு முட்டை வரைவது எல்லாம் ஆண்டுதோறும் வரும். இவற்றில் கிறிஸ்டிங்கிள் என்ற ஒரு சடங்கைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆளுக்கு ஓர் ஆரஞ்சுப் பழம். அதன் நடுவைச் சுற்றி ஒரு சிவப்பு ரிப்பன். நான்கு சின்னக் குச்சிகளில் உலர்ந்த திராட்சையும் மிட்டாயும் கோத்துப் பழத்தில் குத்தியிருக்கும். உச்சியில் ஒரு மெழுகுவத்தி. பழம் உலகம், ரிப்பன் கிறிஸ்துவின் இரத்தம், குச்சிகள் நான்கு பருவங்கள், மெழுகுவத்தி உலகின் ஒளியான கிறிஸ்து என்று விளக்கம். 1747-இல் ஜெர்மனியில் மொரேவியன் சபையார் பிள்ளைகளுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டிய மெழுகுவத்தி கொடுத்ததிலிருந்து வந்த வழக்கம் இது. இங்கிலாந்தில் 1968-இல் ஒரு குழந்தைகள் நல அமைப்புக்கு நிதி திரட்டுவதற்காக இதைத் தொடங்கினார்கள். இன்று பள்ளிதோறும் பரவியிருக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு நூறு ஆரஞ்சுகளில் சுடர் ஏற்றும்போது எந்தப் பிள்ளையின் மனமும் அதில் லயிக்கும்.

அந்த ஆரஞ்சோடு ஆறு வயது மகள் வீட்டுக்கு வருகிறாள். “அம்மா, இந்தச் சிவப்பு ரிப்பன் இயேசுவோட ரத்தமாம். நமக்காகச் செத்தாராம். நிஜமாவா?”

மூன்று வகையான பதில்கள் சாதாரணமாக வரும். ஒன்று: “அதெல்லாம் சும்மா கட்டுக்கதை, போய்க் கை கழுவு.” இன்னொன்று: “ஆமாம் கண்ணு, டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்.” மூன்றாவது, கேள்வி காதில் விழாததுபோல் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வது. முதல் பதில் அவள் நேசிக்கும் ஆசிரியரை முட்டாளாக்குகிறது. இரண்டாவது பொய். மூன்றாவது, இந்தக் கேள்வியை வீட்டில் கேட்கக்கூடாது போலிருக்கிறது என்று அவளைக் கற்றுக்கொள்ள வைக்கிறது.

உண்மையான பதில் இருக்கிறது. அது கடினமும் அல்ல. “இயேசு என்று ஒருவர் வெகுகாலத்துக்கு முன்னால் இருந்தார், அவரைச் சிலுவையில் கொன்றார்கள். அவர் கடவுளின் மகன், நமக்காக உயிர் கொடுத்தார் என்று உன் டீச்சரும் நிறையப் பேரும் நம்புகிறார்கள். நானும் அப்பாவும் அப்படி நம்பவில்லை. உன் தோழியின் பாட்டி நம்புகிறாள், அவள் எவ்வளவு நல்லவள் என்று உனக்குத் தெரியும். நீ பெரியவளானதும் யோசித்துப் பார்த்து உனக்குச் சரி என்று பட்டதை நம்பு. என்ன முடிவு செய்தாலும் நீ எங்கள் பிள்ளைதான்.” இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவேண்டியதில்லை. ஆண்டுகள் ஓட ஓட, கேள்வி வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லலாம். கேட்டால் பதில் கிடைக்கும் வீடு இது என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இதில் ஓர் எல்லைக்கோடும் உண்டு. ஒரு கதையைக் கேட்பதும், பாட்டுப் பாடுவதும், நாடகத்தில் நடிப்பதும், மௌனமாக உட்காருவதும் பிள்ளையின் மனச்சாட்சியைக் கட்டிப்போடுவதில்லை. பைபிள் கதைகள் தெரியாமல் ஐரோப்பாவின் ஓவியமும் இசையும் இலக்கியமும் முழுசாகப் புரியாது. அந்த அறிவு நம்பாத வீட்டுப் பிள்ளைக்கும் வேண்டியதுதான். ஆனால் நான் நம்புகிறேன், நான் ஏற்கிறேன் என்று பிள்ளை தன் பெயரில் வாக்குக் கொடுக்கவேண்டிய இடம் வந்தால் அங்கே பெற்றோர் குறுக்கே நிற்கவேண்டும். அயர்லாந்தின் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் முதல் நற்கருணைக்குத் தயாராவது வகுப்பு நேரத்திலேயே நடக்கிறது. வகுப்பு முழுக்க வெள்ளை உடையும் விருந்துமாகக் களைகட்டும்போது, நம் பிள்ளை மட்டும் விடுபட்டுப்போகுமே என்று நம்பாத பெற்றோரும் இணங்கிப்போகிறார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்து வரும் அந்த இளக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. அப்படியும் சொல்கிறேன்: அது அடுத்தவர்கள் உயிரினும் மேலாக மதிக்கும் சடங்கு. உடைக்கும் விருந்துக்குமாக அதை வாங்கிக்கொள்வது நம்புகிறவர்களுக்கு அவமரியாதை; தன் பெயரில் என்ன சொல்கிறோம் என்று அறியாத பிள்ளைக்குத் துரோகம். அந்த நாளுக்கு வேறொரு கொண்டாட்டத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளையை வழிபாட்டிலிருந்தும் சமயப் பாடத்திலிருந்தும் விலக்கிக்கொள்ளும் உரிமை இங்கிலாந்தின் 1998-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்திலும் இருக்கிறது. காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதைப் பயன்படுத்துவதற்கு முன்னால் பெற்றோர் தங்களை ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளவேண்டும்: இது பிள்ளைக்காகவா, எனக்காகவா? எல்லாரும் மண்டபத்தில் பாடிக்கொண்டிருக்கும்போது ஒரு சிறுவன் நூலக மூலையில் படம் வரைந்துகொண்டிருப்பான். அவன் அங்கே இருப்பது தகப்பனின் கொள்கைக்காக. ஆறு வயதில் அவனைப் படைவீரனாக்கி முன்வரிசையில் நிறுத்துவது நியாயமா? பள்ளியில் அச்சமூட்டும் போதனை நடந்தால், நம்பாதவர்கள் நரகத்துக்குப் போவார்கள் என்று ஆசிரியர் சொல்லி, பிள்ளை இரவில் பெற்றோரை நினைத்து அழுதால், தயங்காமல் விலக்கவேண்டும். தலைமையாசிரியரிடம் நேரில் போய்ப் பேசவும் வேண்டும். அப்படி ஏதும் இல்லாதபோது, பிள்ளையை எல்லாரோடும் உட்காரவிட்டு, மாலையில் வீட்டில் உட்கார்ந்து பேசுவதே மேல். வழிபாட்டை அறவே சகிக்க முடியாத பெற்றோர், வேறு பள்ளி கிடைக்குமானால் அங்கே போவதுதான் முறை. திருச்சபைப் பள்ளியில் சமயம் ஒரு பாடவேளையோடு நிற்பதில்லை. சுவரில் இருக்கிறது, சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, மன்னிப்புக் கேட்கச் சொல்லும் விதத்திலும் இருக்கிறது.

பள்ளிக்கும் கடமை உண்டு. நம்பாத வீட்டுப் பிள்ளை தன் வீட்டைப் பற்றி வெட்கப்படாமல் வகுப்பில் பேச முடியவேண்டும். கிறிஸ்தவர்கள் இப்படி நம்புகிறார்கள் என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர், தன் நம்பிக்கையை மறைக்காமலேயே அந்தப் பிள்ளைக்கு மூச்சுவிட இடம் தருகிறார். நாம் எல்லாரும் நம்புகிறோம் என்று சொல்லும் ஆசிரியர் அந்த இடத்தைப் பறித்துக்கொள்கிறார். 2015-இல் லண்டன் உயர் நீதிமன்றம், மதம் சாராத வாழ்க்கை நோக்குகளையும் சமயப் பாடம் சமமாக மதிக்கவேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்றது. வேல்ஸ் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தப் பாடத்தின் பெயரோடு சேர்த்து உள்ளடக்கத்தையும் மாற்றி, மதம் சாராத சிந்தனைகளுக்கு இடம் கொடுத்தது. தன் நம்பிக்கையில் உறுதியுள்ள திருச்சபைப் பள்ளிக்கு இதில் அஞ்ச ஒன்றுமில்லை. பெற்றோரும் வெளியில் நின்று முணுமுணுக்காமல், பள்ளி நிர்வாகக் குழுவின் பெற்றோர் பிரதிநிதியாகப் போட்டியிட்டு உள்ளே போய்ப் பேசலாம். அதற்கு நம்பிக்கைச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை.

கடைசியாக, இந்த விஷயத்திலேயே மிகப் பெரியதென்று நான் நினைப்பது. பல பெற்றோர் சொல்வார்கள்: எங்களுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை, ஆனால் அந்தப் பள்ளியில் போட்டால் பிள்ளை நல்ல பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொள்ளும். இந்தப் பேச்சில் ஒரு தோல்வி ஒளிந்திருக்கிறது. கடவுள் இல்லாமலும் மனிதன் நேர்மையாக வாழ முடியும் என்பதுதானே அவர்களின் நிலை? அப்படியென்றால் அந்த நேர்மையை வீட்டில் எடுத்துச் சொல்ல அவர்களிடம் சொற்கள் இருக்கவேண்டும். ஏன் பொய் சொல்லக்கூடாது? ஏன் பலவீனமானவனை அடிக்கக்கூடாது? நம்மிடம் இருப்பதில் இல்லாதவனுக்கு ஏன் கொடுக்கவேண்டும்? பள்ளி இதற்கெல்லாம் ஒரு கதையோடு பதில் சொல்கிறது. வீடு எதுவும் சொல்லாவிட்டால், நல்லது என்பது தேவாலயத்தின் சொத்து, வீட்டில் அதற்கு இடமில்லை என்று பிள்ளை முடிவு செய்துகொள்ளும். அந்த முடிவுக்குப் பள்ளி பொறுப்பல்ல.

வீட்டில் ஒரு சாவு வரும்போது இது கண்கூடாகத் தெரியும். பாட்டி இறந்துபோகிறாள். பாட்டி சொர்க்கத்திலிருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று பள்ளியில் அன்போடு சொல்கிறார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து அதைத் திருப்பிச் சொல்லும்போது, அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது என்று அந்த நேரத்தில் வெட்டிப் பேசுவது கொடுமை. நம்பாததை ஆமாம் என்று தலையாட்டுவதும் பின்னால் வினையாகும். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, “சிலபேர் அப்படி நம்புகிறார்கள், அது அவர்களுக்கு ஆறுதலாக இருக்கிறது. பாட்டி எங்கே போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் உடம்பு இனி எழுந்துவராது. அவள் சொல்லிக்கொடுத்த பாட்டு உனக்குத் தெரியும், அவள் சமையல் எனக்குத் தெரியும். அவளை நினைக்கிற வரைக்கும் அது நம்மிடம் இருக்கும்” என்று சொல்லலாம். இதைச் சொல்லப் பெற்றோர் தங்கள் மனத்தை முன்பே தயார் செய்துகொண்டிருக்கவேண்டும். சாவைப் பற்றியும் கடமையைப் பற்றியும் தங்களுக்குள் பேசியிராத நம்பாதவர்கள், பிள்ளையிடம் அதைப் பேச முடியாமல் திணறுவார்கள். மதம் இல்லாத வாழ்க்கைக்கும் படிப்பு உண்டு, பயிற்சி உண்டு. கடவுளை விட்டுவிட்டால் வேலை குறைந்தது என்று நினைப்பவர்கள் பிள்ளை வளர்க்கும்போது தவித்துப்போகிறார்கள்.

பதினொரு வயதில் தொடக்கப் பள்ளியை முடித்து வெளியே வரும் பிள்ளைக்கு மூன்று விஷயங்கள் தெரிந்திருக்கவேண்டும். கிறிஸ்தவர்கள் எதை நம்புகிறார்கள், அதில் எவ்வளவு அழகும் அன்பும் இருக்கிறது என்று பள்ளி சொல்லியிருக்கவேண்டும். அம்மாவும் அப்பாவும் எதை நம்புகிறார்கள், எதை நம்பவில்லை, ஏன் என்று வீடு சொல்லியிருக்கவேண்டும். எதை நம்புவது என்ற முடிவு தனக்குரியது, அதற்காகத் தன்னை யாரும் குறைவாக நேசிக்கமாட்டார்கள் என்பதை இரண்டு இடமும் சேர்ந்து காட்டியிருக்கவேண்டும். அந்தப் பிள்ளை பின்னாளில் விசுவாசியாகவே ஆனாலும் பெற்றோர் தோற்றதாக ஆகாது. தாங்கள் கேட்ட சுதந்திரத்தைப் பிள்ளையும் பயன்படுத்திக்கொண்டது என்று ஏற்றுக்கொள்ளும் மனம் அவர்களுக்கு வேண்டும். அந்த மனம் இல்லாதவர்கள் தங்கள் நம்பிக்கையின்மையையும் ஒரு மதமாக்கிவிட்டார்கள் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆகவே விண்ணப்பத்தை நிரப்பும் பெற்றோருக்குச் சொல்வேன்: படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். இடம் கிடைத்தால் நன்றியோடு அனுப்புங்கள், ஆசிரியர்களை மதியுங்கள், பிள்ளை கேட்கும் கேள்விகளுக்கு அன்றைக்கே உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் வருந்தாதீர்கள். நல்ல பள்ளி கிடைக்காமல் போன பிள்ளைக்கு வீடு ஈடுசெய்ய முடியும். பெற்றோரின் சொல்லை நம்ப முடியாமல் போன பிள்ளைக்கு எந்தப் பள்ளியாலும் ஈடுசெய்ய முடியாது.